ஜனாதிபதி யாரோடு பேசினார்?

1983 ஜூலை 28, வியாழக்கிழமை இரவு. கொழும்பு எரியத் தொடங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. 23ஆம் தேதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 சிப்பாய்கள் இறந்தார்கள். மறுநாள் அவர்களை அடக்கம் செய்யப் பொரளை கனத்தை மயானத்தில் கூடிய கூட்டத்திலிருந்து கலவரம் கிளம்பியது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கும்பல்கள் தமிழர் வீடுகளைத் தேடிப் போயின. வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே 25ஆம் தேதியும் 27ஆம் தேதியுமாக 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இவ்வளவும் நடந்த பிறகுதான் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன தொலைக்காட்சியில் நாட்டு மக்கள் முன் தோன்றினார்.

உயிருக்கும் உடைமைக்கும் நேர்ந்த அழிவைக் கண்டு வருந்துவதாகப் பேச்சைத் தொடங்கினார். யாருடைய உயிர், யாருடைய உடைமை என்று சொல்லவில்லை. உடனே பேச்சு 1976க்குத் தாவியது. நாட்டைப் பிரிக்கக் கேட்கும் இயக்கம் அந்த ஆண்டில் தொடங்கியதே எல்லாவற்றுக்கும் வேர் என்றார். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக ஒன்றாக இருந்த நாட்டைத் துண்டாடச் சிங்கள மக்கள் ஒருபோதும் ஒப்ப மாட்டார்கள், இப்போது நடப்பது பயங்கரவாதத்துக்கு அவர்கள் காட்டிய எதிர்வினை, அவர்களுடைய இயல்பான கோரிக்கைக்கு இணங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றார். எப்படி இணங்கப்போகிறார் என்பதையும் அறிவித்தார்: பிரிவினை கேட்பது இனிச் சட்டப்படி குற்றம். ஆகஸ்டில் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் நிறைவேறியது. அதன்படி உறுதிமொழி எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் தங்கள் இடங்களை இழந்தார்கள்.

அன்றிரவு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையத்திலும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் உடுத்திய துணியோடு தஞ்சம் புகுந்து கிடந்தார்கள். அவர்களும் இலங்கைக் குடிமக்கள்தான். அந்த ஜனாதிபதி அவர்களுக்கும் ஜனாதிபதிதான். பேச்சில் அவர்களை விளித்து ஒரு சொல் இல்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்புக்குள் புகுந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவிக் கொலைகள் மறுபடி தொடங்கின. பேச்சுதான் அதற்குக் காரணம் என்று யாராலும் நிறுவ முடியாது. பேச்சு அதைத் தடுக்கவில்லை என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

இந்தக் கதையை நான் விழுப்புரம் மாவட்டத்து இடையஞ்சாவடியில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம் கடந்ததும் கீழ்ப்புத்துப்பட்டு. அதற்கப்பால் கூனிமேடு, அனுமந்தை, பிறகு மரக்காணத்து உப்பளங்கள். கீழ்ப்புத்துப்பட்டுக்கு அய்யனார் கோயிலைத் தேடி வெளியூர்க்காரர்கள் வருவார்கள். சவுக்குத் தோப்பும் கடலும் சூழ்ந்த அதே ஊரில்தான் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு அது இன்னும் ‘அகதி முகாம்’தான். 2021இல் தமிழக அரசு இந்த முகாம்களுக்கெல்லாம் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியும் பழைய பெயர் போகவில்லை. 1983 ஜூலைக்கும் 1987 ஜூலைக்கும் இடையில் மட்டும் ஏறத்தாழ 1,34,000 பேர் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். 1990இல் போர் மறுபடி மூண்டபோது அடுத்த அலை, 2006க்குப் பிறகு இன்னொன்று. ஒரு ஜனாதிபதி நெருக்கடியில் எப்படிப் பேசினார் என்பது வாஷிங்டன் பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சிப் பொருள். எங்கள் பக்கத்தில் அதன் பின்விளைவு சாலையோரம் குடியிருக்கிறது.

அமெரிக்கர்கள் இதைத் தனித் துறையாகவே வளர்த்திருக்கிறார்கள். ஜெஃப்ரி டூலிஸ் 1987இல் எழுதிய நூல், காங்கிரஸோடு எழுத்து வழியாகப் பேசிவந்த அதிபர் பதவி இருபதாம் நூற்றாண்டில் மக்களோடு நேரடியாகப் பேசும் பதவியாக மாறியதை விவரித்தது. கார்லின் கோர்ஸ் கேம்பெல்லும் கேத்லீன் ஹால் ஜேமிசனும் அதிபர் உரைகளை வகை பிரித்தார்கள்: பதவியேற்பு உரை, போர் உரை, மன்னிப்பு ஆணை, தேசிய இரங்கல் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கணம். பயனுள்ள ஆய்வுகள்தான். ஆனால் அவை பெரும்பாலும் பேசுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. நம்மிடம் இன்னொரு அளவுகோல் இருக்கிறது. சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவர், அவைக்கு இரண்டு ஒதுக்கினார்: அவையறிதல், அவையஞ்சாமை. பேசத் தெரிவது ஒன்று, யார் முன் பேசுகிறோம் என்று தெரிவது மற்றொன்று. நெருக்கடி நேரத்து உரையை எடைபோட இந்த இரண்டாவதே முக்கியம் என்பது என் கட்சி. நாடு நன்றாக இருக்கும்போது ‘என் மக்களே’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம். வீடு எரியும்போது அப்படிச் சொன்னால், எரிகிற வீட்டுக்காரனும் அதில் அடக்கமா என்று கேள்வி வரும். என்ன நடந்தது, யார் செய்தது, அடுத்து என்ன என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் காதில் விழும்.

அவையறிந்து பேசியதற்கு முதல் எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்வது ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை. தேய்ந்துபோன எடுத்துக்காட்டுதான், ஆனாலும் அதன் உள்ளே போய்ப் பார்க்கிறவர்கள் குறைவு. 1933 மார்ச் 4 அன்று அவர் பதவியேற்றபோது அமெரிக்க வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்துகொண்டிருந்தன. மக்கள் பணத்தை எடுத்து வீட்டில் ஒளித்துவைத்தார்கள். 6ஆம் தேதி எல்லா வங்கிகளையும் மூடினார். 9ஆம் தேதி அவசர வங்கிச் சட்டம் வந்தது. 12ஆம் தேதி ஞாயிறு இரவு வானொலியில் பேசினார். தேசப்பற்று, தியாகம், வரலாறு எதையும் அவர் இழுக்கவில்லை. நீங்கள் போட்ட பணத்தை வங்கி பெட்டியில் பூட்டிவைப்பதில்லை, கடனாகவும் பத்திரமாகவும் வெளியே விடுகிறது, எனவே எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் எந்த வங்கியாலும் கொடுக்க முடியாது என்று தொடக்கப்பள்ளி ஆசிரியர் போல விளக்கினார். நாளைக்கு எந்த ஊர் வங்கிகள் திறக்கும், நாளன்றைக்கு எவை, உங்கள் வங்கி முதல் நாள் திறக்காவிட்டால் ஏன் பயப்பட வேண்டாம் என்று வரிசையாகச் சொன்னார். பணத்தைப் போட்டவர்களை முட்டாள்கள் என்றோ கோழைகள் என்றோ சொல்லவில்லை. மறுநாள் வங்கிகள் திறந்தபோது பணம் போட வரிசை நின்றது. இரண்டு வாரத்துக்குள் பதுக்கிய பணத்தில் ஏறத்தாழ பாதி திரும்பி வந்துவிட்டது. பேச்சின் பின்னால் ஒரு சட்டமும் கருவூலமும் இருந்தன. பேச்சு மட்டும் செய்த மாயமல்ல.

அதே ரூஸ்வெல்ட்டின் அவைக்கும் சுவர் இருந்தது. 1935இல் அவர் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் பண்ணைக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் சேரவில்லை. தெற்கில் அவர்களில் பலர் கறுப்பர்கள். 1942 பிப்ரவரியில் அவர் கையெழுத்திட்ட ஆணையால் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். எந்த நாட்டிலும் முகாமுக்கு அனுப்பப்பட்டவரிடம் அதிபரின் இனிய குரலைப் பற்றிக் கேட்டால் வேறு பதில்தான் கிடைக்கும்.

லிண்டன் ஜான்சனின் பேச்சை இங்கே சேர்க்க வேண்டும். 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா பாலத்தில் வாக்குரிமை கேட்டு நடந்த கறுப்பர்களைக் குதிரைப் போலீஸ் அடித்து விரட்டியது. எட்டு நாள் கழித்து ஜான்சன் காங்கிரஸில் நின்று வாக்குரிமைச் சட்டத்தைக் கேட்டார். அவர் டெக்ஸாஸ்காரர், தெற்கத்தி வெள்ளையர், இருபது ஆண்டு அரசியலில் குடிமை உரிமை மசோதாக்களுக்கு எதிராகவும் ஓட்டுப் போட்டவர். கறுப்பர்கள் தெருவில் பாடிக்கொண்டு போன பாட்டின் அடியையே எடுத்துத் தன் வாயால் சொன்னார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த மார்ட்டின் லூதர் கிங்கின் கண் கலங்கியதைப் பக்கத்தில் இருந்த சக போராளி ஜான் லூயிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அடிபட்டவரின் சொல்லை அதிகாரத்தில் இருப்பவர் எடுத்துப் பேசுவது அபூர்வம். ஆகஸ்டில் சட்டம் வந்தது. அது வராமல் போயிருந்தால் அந்தப் பேச்சு வெறும் திருட்டு.

ஜார்ஜ் புஷ் பெரிய பேச்சாளர் இல்லை. இருந்தும் 2001 செப்டம்பர் 11 நடந்து ஆறாம் நாள் வாஷிங்டனின் இஸ்லாமிய மையத்துக்குப் போய், முஸ்லிம் பெரியவர்களோடு நின்று, இஸ்லாம் அமைதியின் மதம் என்றார். முக்காடு அணிந்த பெண்கள் வெளியே வரப் பயப்படக் கூடாது என்றும் சொன்னார். பிறகு அவர் நடத்திய போர்களை இதைக் கொண்டு கழுவ முடியாது. ஆனால் தாக்கப்படக்கூடிய சிறுபான்மையை ஆறு நாளுக்குள் பேர் சொல்லி அணைத்தது ஒரு பக்கம், எரிந்துகொண்டிருந்த சிறுபான்மையை ஐந்தாம் நாளும் பேர் சொல்லி அழைக்காதது மறுபக்கம். ஜெயவர்த்தனவுக்கு வேறு வழியே இல்லை என்று வாதாடுகிறவர்கள் இந்த ஒப்பீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

டெல்லியைப் பார்ப்போம். நம் குடியரசுத் தலைவர்கள் இந்த வரிசையில் வருவது கடினம். 352ஆம் பிரிவின்படி நெருக்கடி நிலையை அறிவிப்பவர் அவர், பேசுபவர் பிரதமர். 1975 ஜூன் 25 நள்ளிரவை ஒட்டி ஃபக்ருதீன் அலி அகமது கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை வானொலியில் வந்த குரல் இந்திரா காந்தியுடையது. குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்திருக்கிறார், பீதியடையத் தேவையில்லை என்றுதான் தொடங்கினார். செய்தது யாரோ, ஆறுதல் சொல்வது மட்டும் நான் என்கிற அந்தத் தொனிக்காகவே அந்த உரையை மாணவர்களுக்குப் பாடமாக வைக்கலாம். குடியரசுத் தலைவர்களில் கே.ஆர். நாராயணன் மட்டும் தனக்குக் கிடைத்த மேடையை, குடியரசு தினத்துக்கு முந்தைய நாள் உரையை, கூர்மையாகப் பயன்படுத்தினார். பொறுமையாக நெடுநாள் துன்பப்பட்ட மக்களின் சினத்துக்கு அஞ்சுங்கள் என்று 2000இல் அவர் எச்சரித்தபோது, கேட்டுக்கொண்டிருந்த அரசாங்கம் அவருடைய சொந்த அரசாங்கம்.

காந்தி கொல்லப்பட்ட 1948 ஜனவரி 30 மாலை டெல்லி செய்த முதல் காரியம், சுட்டவர் ஓர் இந்து என்பதை வானொலியில் தெளிவாகச் சொன்னது. சொல்லாமல் விட்டிருந்தால் விடிவதற்குள் எத்தனை முஸ்லிம் தெருக்கள் எரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நேரு அன்றிரவு பேசியதில் எல்லோருக்கும் நினைவிருப்பது ஒளி அணைந்துவிட்டது என்ற வாக்கியம். எனக்கு அந்தச் சின்ன அறிவிப்புதான் பெரிய உரையாகத் தெரிகிறது.

அதே டெல்லி 1984இல் வேறு மாதிரி பேசியது. இந்திரா கொலைக்குப் பிறகு மூன்று நாள் சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டார்கள். நவம்பர் 19 அன்று ராஜீவ் காந்தி போட் கிளப் கூட்டத்தில், பெரிய மரம் விழுந்தால் பூமி கொஞ்சம் அதிரத்தான் செய்யும் என்றார். தெருவில் கொளுத்தியவர்களுக்குப் பேர் இருந்தது, கட்சி அட்டை இருந்தது என்று பின்னால் விசாரணைகளில் வெளிவந்தது. பேச்சில் அவர்கள் நிலநடுக்கமாகிவிட்டார்கள். கடலுக்கு அப்பால் 1993 முதல் 1994 வரை ஜனாதிபதியாக இருந்த டி.பி. விஜேதுங்கவுக்கும் ஒரு மரம் கிடைத்தது: சிங்களப் பெரும்பான்மை மரம், சிறுபான்மையினர் அதைப் பற்றிப் படரும் கொடிகள் என்றார். ஜெயவர்த்தனவின் ‘இயல்பான கோரிக்கை’யும் இதே குடும்பம். இயற்கையை மேடைக்குக் கூப்பிட்டால் குற்றவாளி யாரும் இருக்கத் தேவையில்லை. மரத்தின் மேல் யார் வழக்குப் போடுவது?

எனக்குத் தெரிந்து மன்னிப்புக் கேட்ட ஒரே இலங்கை ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க. 2004 ஜூலை 23 அன்று, 83 கலவரத்துக்காக அரசின் சார்பில் தமிழர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஜெயவர்த்தன இறந்து ஏறத்தாழ எட்டு ஆண்டு ஆகியிருந்தது. மற்றொரு கட்சியின் ஆட்சியில் நடந்த குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பது எளிது என்று சொல்லிச் சிலர் அதைத் தள்ளினார்கள். அதில் உண்மை உண்டு. 1995 ஜூலையில் நவாலி தேவாலயத்தில் குண்டு விழுந்தபோது ஜனாதிபதியாக இருந்தவர் அவர்தான், அதற்கு அத்தகைய சொல் வரவில்லை. ஆனாலும் எரிந்தவர்களை எதிரே உட்காரவைத்து அவர்கள் முகத்தைப் பார்த்து ஓர் ஆட்சித்தலைவர் பேசியது அந்த ஒரு முறைதான். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

போர் முடிந்த தறுவாய்க்கு, 2009 மே 19க்கு வருவோம். ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச இரண்டு நாள் முன்பு ஜோர்டானிலிருந்து திரும்பி, விமானத்திலிருந்து இறங்கியதும் மண்டியிட்டுத் தரையை முத்தமிட்டிருந்தார். அன்று காலை நாடாளுமன்றத்தில் அவர் உரையைத் தமிழில் தொடங்கினார். சிங்களத் தலைவர் ஒருவர் வெற்றி விழாப் பேச்சைத் தமிழில் தொடங்குவது சின்ன விஷயமல்ல. இது நம் எல்லோருடைய தாய்நாடு, ஒரு தாய் பிள்ளைகளாக வாழ வேண்டும், போர் புலிகளுக்கு எதிரானதே தவிரத் தமிழ் மக்களுக்கு எதிரானதல்ல, உங்களைப் பாதுகாப்பது என் கடமை என்றார். அவையைப் பேர் சொல்லி அழைக்க வேண்டும் என்கிற என் அளவுகோல்படி பார்த்தால் அது நூற்றுக்கு நூறு வாங்க வேண்டிய தொடக்கம்.

அப்படி வாங்காததற்கு இரண்டு காரணம். அந்தத் தமிழ் வாக்கியங்கள் யாரை நோக்கிப் போயினவோ, அவர்களில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் அந்த நேரத்தில் வவுனியா செட்டிக்குளம் மெனிக் பாம் முதலான முகாம்களில் முள்வேலிக்குள் இருந்தார்கள், அல்லது அங்கே கொண்டுபோகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். யாரைத் தேடுவது, யாரைப் புதைப்பது என்று தெரியாமல் இருந்தவர்களுக்கு அந்த வாழ்த்து. முள்ளிவாய்க்கால் வரைக்குமான கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட முடியாது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. அவர்களைப் பற்றி உரையில் ஒன்றுமில்லை. வென்றவர் அன்றைக்கே அழ வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இறந்தவர் இருந்தார் என்ற ஒப்புதலைக்கூடவா?

இரண்டாவது காரணம் உரையின் சிங்களப் பகுதியில் இருக்கிறது. சிறுபான்மை என்ற சொல்லை அகராதியிலிருந்தே எடுத்துவிட்டோம் என்றார். இனி இந்த நாட்டில் தமிழர், முஸ்லிம், பறங்கியர், மலாயர் என்று சிறுபான்மையினர் கிடையாது. இரண்டே வகை மக்கள்தான், நாட்டை நேசிப்பவர்கள், பிறந்த மண்ணை நேசிக்காத சிறு கூட்டத்தினர். கேட்பதற்குப் பெருந்தன்மையாக இருக்கும். நடைமுறையில் அதன் பொருள், தமிழர் என்ற பேரில் இனி யாரும் எதையும் கேட்கக் கூடாது என்பது. கேட்டால் இரண்டாவது வகையில் போய்ச் சேர வேண்டும். எந்த வகையில் யார் என்று தீர்மானிப்பவர் ஜனாதிபதி. 83இல் தமிழரைக் கூப்பிடாமல் விட்டார்கள். 2009இல் அவர்களைத் தமிழிலேயே கூப்பிட்டு, உங்களுக்குத் தனிப் பேர் வேண்டாம் என்றார்கள். இரண்டாவது முறை முதல்முறையைவிடத் திறமையானது.

மகிந்தவின் தம்பி கோட்டாபயவிடம் அந்தத் திறமையில்லை. 2019 நவம்பர் 18 அன்று பதவியேற்க அவர் தேர்ந்தெடுத்த இடம் அனுராதபுரம் ருவன்வெலிசாய. தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு கட்டிய தூபி. சிங்கள வாக்குகளால் மட்டுமே வெல்ல முடியும் என்று எனக்கு முன்பே தெரியும், தமிழரையும் முஸ்லிம்களையும் சேரச் சொன்னேன், எதிர்பார்த்த அளவு சேரவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் ஜனாதிபதியாக இருப்பேன் என்று பேசினார். இவர் குறைந்தபட்சம் ஒளிக்கவில்லை.

அடுத்து வந்த நெருக்கடி இனத்தைப் பார்த்து வரவில்லை. 2021இல் ரசாயன உரத்துக்கு ஒரே நாளில் விதித்த தடை, வரிக்குறைப்பில் காலியான கஜானா, தொற்றுக்காலத்தில் செத்துப்போன சுற்றுலா, எல்லாம் சேர்ந்து 2022 தொடக்கத்தில் டாலர் தீர்ந்தது. எரிவாயு சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை, பால்மாவுக்கு வரிசை, மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள். மார்ச் 16 அன்று தொலைக்காட்சியில் தோன்றி, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும், இந்த நெருக்கடியை நான் உண்டாக்கவில்லை என்றார். இரண்டு வாரத்தில், மார்ச் 31 இரவு, மிரிஹானையில் அவர் வீட்டுக்கு முன் கூட்டம் சேர்ந்தது. முன்கூட்டிப் பதிவு செய்து ஒளிபரப்பும் உரையில் அவை கிடையாது; கேமராவின் பின்னால் இருப்பவர்கள் ஊழியர்கள். அவை தானே நடந்து வீட்டு வாசலுக்கு வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 83இலும் 2009இலும் பேச்சுக்குக் கைகொடுத்த ஒரு சாதனம் கோட்டாபயவுக்கு இல்லாமல் போனது: சுட்டிக்காட்ட ஓர் அந்நியர். பெட்ரோல் வரிசையில் நின்ற சிங்கள விவசாயியைப் பார்த்து, உன் கஷ்டத்துக்குத் தமிழன் காரணம் என்று சொல்ல முடியவில்லை. உரத்தடையை யார் போட்டது என்று அவனுக்குத் தெரியும். ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று நாடு அறிவித்தது. 18ஆம் தேதி புதிய அமைச்சர்கள் முன், உரத்தடை தவறு, சர்வதேச நாணய நிதியத்திடம் முன்பே போயிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ள வேண்டியது மக்கள் முன். ஒப்புக்கொண்டது அமைச்சர்கள் முன். ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகைக்குள் கூட்டம் புகுந்தது. 13ஆம் தேதி மாலைதீவுக்குப் பறந்தார், அங்கிருந்து சிங்கப்பூர், 14ஆம் தேதி மின்னஞ்சலில் ராஜினாமா.

ரணில் விக்கிரமசிங்க மே மாதம் பிரதமராக வந்ததும் செய்த உரை வேறு ரகம். மே 16 அன்று, கையிருப்பில் ஒரே ஒரு நாளுக்குத்தான் பெட்ரோல் இருக்கிறது, உடனடியாக ஏழரைக்கோடி டாலர் வேண்டும், அடுத்த இரண்டு மாதம் நம் வாழ்க்கையிலேயே கடினமானதாக இருக்கும் என்று கணக்கை விரித்தார். ரூஸ்வெல்ட்டின் வழி அது. கூடவே பிரெக்டின் நாடகத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்தார். தன்னுடையதல்லாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறுந்த கயிற்றுப் பாலத்தைக் கடக்கும் குருஷா. தன் நிலை அதைவிட மோசம், பாலம் மெல்லிய கண்ணாடி, பிடிக்கக் கம்பியில்லை, காலில் கழற்ற முடியாத ஆணிச் செருப்பு என்றார். ஹென்றி ஜயசேன 1967இல் ‘ஹுணுவட்டயே கதாவ’ என்று சிங்கள மேடைக்குக் கொண்டுவந்த நாடகம் அது, அந்த நாட்டில் பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்த கதை. நான் படித்த நெருக்கடி உரைகளில் நயத்துக்காகத் திரும்பப் படித்தது இது ஒன்றுதான். ஜூலை 21 அன்று அவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். 22 விடியற்காலையில் படையினர், கோட்டாபயவுக்கு எதிராகக் கொழும்பு காலிமுகத்திடலில் முகாமிட்டிருந்த போராட்டக்காரர்களை அடித்துக் கூடாரங்களைப் பிரித்தார்கள். அந்தக் குழந்தையைச் சுமந்து பாலம் கடப்பவரின் முதல் நாள் வேலை.

அந்தக் காலிமுகத்திடலில் அதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்த ஒன்றுக்கு எந்த ஜனாதிபதி உரையிலும் இணை இல்லை. 2022 மே 18 அன்று, சிங்கள இளைஞர்கள் பெரும்பான்மையாக இருந்த அந்தத் திடலில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது. கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். அந்தத் திடலில் பகிரங்கமாக அப்படி நடந்தது முதல் முறை. திடலில் இருந்த எல்லோருக்கும் அது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். அதே மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாட்டின் முதல் நிவாரணக் கப்பல் கிளம்பியது. 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், மருந்துகள் அனுப்ப ஏப்ரல் 29 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டிருந்தது. முதலில் இங்கே எழுந்த பேச்சு ஈழத்தமிழருக்கு அனுப்புவோம் என்பது. பிரிக்காதீர்கள், எல்லோருக்கும் கொடுங்கள் என்று கேட்டவர்கள் இலங்கைத் தமிழர் தலைவர்கள். அப்படியே போயிற்று. மார்ச் 22இல் தனுஷ்கோடிக்கு வந்திறங்கிய முதல் 16 பேரிலிருந்து தொடங்கி, பசிக்காகப் படகேறியவர்கள் மண்டபத்தில் வந்து சேர்ந்துகொண்டிருந்த நேரம் அது.

கீழ்ப்புத்துப்பட்டில் இருப்பவர்களுக்கு இந்த எந்த அவையிலும் இடமில்லை. இலங்கை ஜனாதிபதிகள் போனவர்களோடு பேசுவதில்லை. இந்தியாவில் 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் உருக்கமான உரைகள் நிகழ்ந்தன. முப்பது, நாற்பது ஆண்டாக இங்கே இருக்கும் இலங்கைத் தமிழர் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். அங்கேயே பிறந்தவர்களுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். குடியரசு தினத்துக்கு முந்தின இரவு டெல்லியிலிருந்து ‘சக குடிமக்களே’ என்று தொடங்கும் உரையை அவர்களும் தொலைக்காட்சியில் கேட்கலாம். சட்டப்படி அது அவர்களுக்கானதல்ல.